தண்டையார்பேட்டையில் எந்த நேரத்துக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி
11 ஜனவரி 2025, சனி, இரவு 10.05

தண்டையார்பேட்டைக்குக் குடிவந்து சில மாதம் ஆகிறது. மெட்ரோ பக்கம், வாடகையும் கட்டுப்படியாகிறது. ஆனால் வெளியே சாப்பிடலாம் என்று கிளம்பினால் ஒன்றுமே இல்லை. தெருவுக்கு ரெண்டு பிரியாணிக் கடை, ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி, அவ்வளவுதான். ஆப்பில் நாலு நட்சத்திரத்துக்கு மேல் எதையும் காட்டுவதில்லை. மனைவி, நாலு வயதுப் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிட அண்ணா நகர் வரைக்கும் போகிறோம். வடசென்னையில் நல்ல சாப்பாட்டுக் கடையே கிடையாது என்கிறேன். மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

11 ஜனவரி, இரவு 11.20

மறுக்கிறேன். நான் பிறந்தது பழைய வண்ணாரப்பேட்டை, கல்யாணமாகி வந்தது தண்டையார்பேட்டை. வேறெங்கும் குடியிருந்ததில்லை.

தம்பி, நீங்கள் ராத்திரி எட்டு மணிக்கு டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் ஹை ரோடு) இறங்கி நடந்திருப்பீர்கள். அந்த நேரத்துக்கு அங்கே பிரியாணியும் ஃபிரைட் ரைஸும்தான் இருக்கும். காலை ஆறரைக்கு அதே ரோட்டில் நடந்து பாருங்கள். அப்புறம் உள்தெருக்களில் நுழையுங்கள்.

எங்கள் பக்கத்தில் சாப்பாடு மணிக்கணக்கில் நடக்கிறது. விடிந்ததும் இட்லி, ஆப்பம். பத்து பதினொன்றுக்குக் கூழ். மதியம் வீட்டின் முன்னறையில் நாலு பெஞ்சு போட்ட மெஸ். நாலு மணிக்கு வடை, பஜ்ஜி. விளக்கு வைத்தபின் சூப், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், மீன் வறுவல், பீஃப். பத்துக்கு மேல் பரோட்டா. எங்கள் தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. காலையில் அதன் படியில் இட்லிக் குண்டான் உட்காரும். ஒன்பதரைக்குப் படியைக் கழுவிவிட்டு அந்த அம்மா போனதும் ஷட்டர் ஏறும். இரவு எட்டுக்கு ஷட்டர் இறங்கியதும் ஆட்டுக்கால் சூப் வண்டி வந்து நிற்கும். ஒரே படியில் மூன்று குடும்பம் பிழைக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்குப் போகிறவருக்கு அது வெறும் ஜெராக்ஸ் கடைதான்.

இப்படி அமைந்ததற்குக் காரணம் வேலை. துறைமுகத்தில் ஷிஃப்ட், காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம், கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டு, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணைக்கு வந்து வராந்தாவில் படுத்திருக்கும் சனம். இவர்களுக்கு எப்போது பசிக்குமோ அப்போது அடுப்பு எரிகிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து மெனு கார்டு புரட்டுவதற்காக வந்த கடைகள் இல்லை இவை. அந்த வகை ஓட்டல் இங்கே குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். நல்ல சாப்பாடு குறைவு என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

12 ஜனவரி, ஞாயிறு, காலை 8.10

மேலே சொன்ன படிக்கட்டு இட்லியை இப்போதுதான் வாங்கி வந்தேன்.

அந்த அம்மா துணி இட்லி ஊற்றுகிறார். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரிப்பார். இட்லியின் அடியில் துணியின் நெசவு அப்படியே அச்சாக விழுந்திருக்கும். அந்த அச்சு கலையாமல் இருந்தால் மாவு சரியான பதம் என்பது அவர் கணக்கு. கலைந்த இட்லியை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார், விற்க மாட்டார். தண்ணியாக ஒரு வேர்க்கடலைச் சட்னி, சிவப்பாக ஒரு காரச் சட்னி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வடகறி. வடகறி என்றால் எல்லோரும் சைதாப்பேட்டை என்கிறார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கே இருக்கட்டும், ஆனால் கடலைப்பருப்பு கரையாமல், சோம்பு தூக்கலாக, ஆப்பத்தின் நடுக்குழியில் ஊற்றித் தரும் வடகறியை இங்கே உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள்.

உட்கார என்றால் படிதான். குழந்தைக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு போங்கள். நம்மூர் ஜனங்கள் பாதிப்பேர் பாக்ஸோடுதான் வருகிறார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவது உட்பட.

12 ஜனவரி, இரவு 9.30

நட்சத்திரம் பற்றி. அந்த அம்மாவின் கடைக்குப் பெயர் கிடையாது. எங்களுக்கு அது "ஆயா கடை". இன்னொன்று "வேப்பமரத்துக் கடை". இன்னொன்று "முட்டுச்சந்து பாய் கடை". பலகை இல்லாத கடை ஆப்பில் எப்படி ஏறும்? ஏறினாலும் டெலிவரிப் பையன் வந்து சேர்வதற்குள் குண்டான் காலி. ஆப்பில் இல்லாதது இல்லவே இல்லை என்று நினைத்தால் இந்தப் பேட்டையில் பாதி உங்கள் கண்ணில் படாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் "நாஷ்டா எங்கே வாங்குவீங்க?" என்று கேளுங்கள். ஐந்து நிமிஷத்தில் மூன்று கடை சொல்வார், அதில் ஒன்றைப் பற்றிப் பத்து நிமிஷம் குறையும் சொல்வார். ரெண்டுமே உபயோகமான தகவல்.

19 ஜனவரி

சௌகார்பேட்டை போகச் சொல்லி நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். போகட்டும், நானும் போகிறவள்தான். தங்கசாலைத் தெருவில் காகடா ராம்பிரசாதில் சுடச்சுட ஜிலேபி, பாதாம் பால். என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் கடையில் நெய் சொட்டும் பொடி இட்லியும் ஊத்தப்பமும். அப்புறம் முறுக்கு சாண்ட்விச். ரெண்டு தட்டை முறுக்குக்கு நடுவே தக்காளி, வெள்ளரி, பச்சைச் சட்னி வைத்துத் தருவார்கள். வாயில் போடும்வரை அது நொறுங்காமல் இருப்பது முழுக்க முழுக்கக் கடைக்காரர் கைவேலை. குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்து உண்டாக்கிய ருசி அது, வடசென்னையின் சொந்த ருசிதான்.

ஆனால் தம்பி கேட்டது குடியிருக்கும் தெருவைப் பற்றி. சௌகார்பேட்டை வியாபாரப் பேட்டை, பண்டிகை நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த நெரிசலில் நிற்க முடியாது. வாரத்துக்கு நாலு வேளை சாப்பிட வேண்டியது வீட்டிலிருந்து நடை தூரத்தில் இருக்க வேண்டும். நான் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

அத்தோ. கேட்டவருக்கு முழுசாகச் சொல்கிறேன்.

பர்மாவில் 1962-ல் நே வின் ராணுவ ஆட்சியைப் பிடித்தார். அடுத்த சில வருஷங்களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். வியாசர்பாடிப் பக்கம் நிறையக் குடும்பங்கள் குடியேறின. பீச் ஸ்டேஷனை ஒட்டி 1969-ல் பர்மா பஜார் வந்தது. அவர்கள் கொண்டுவந்த சாப்பாடுதான் அத்தோ, மொய்ங்கா (குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்), பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுவென்று பொரித்தது), கௌசே (தேங்காய்ப்பால் நூடுல்ஸ்). பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் ரோட்டில் வரிசையாக வண்டிகள் இருக்கும். தெரிந்தவர்கள் அங்கேதான் கூட்டிப் போவார்கள். வியாசர்பாடியிலும் எங்கள் பக்கத்துத் தெருக்களிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதே சாப்பாடு கிடைக்கிறது, கூட்டம் கொஞ்சம் குறைவு.

கலப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அகலமான பேசினில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி. அதன்மேல் மயிரிழையாக நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, கையால் நொறுக்கிய பேஜோ, கடலை மாவு, மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர், பூண்டு வாசமேறிய எண்ணெய், கொத்தமல்லி. எல்லாம் விழுந்ததும் ஐந்து விரலும் உள்ளே போகும். பிசைவதில்லை, அள்ளி அள்ளி விடுவார்கள், நூடுல்ஸ் உடையாது. ஒரு இழையைக் கிள்ளி வாடிக்கையாளர் உள்ளங்கையில் வைத்து, "புளிப்பு போதுமா?" என்று கேட்கிற கடை எதுவோ அதுவே நல்ல கடை. அந்த நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு என்றால் மிளகாய்த்தூளே வேண்டாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும், கலந்தபின் எடுக்க முடியாது.

கூடவே கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். கேட்கக் கேட்க ஊற்றுவார்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. அப்புறம் முட்டை. அவித்த முட்டையை முழுசாக வெட்டாமல் நடுவே கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து, புளித்தண்ணியும் மிளகாயும் எண்ணெயும் விட்டுத் தருவார்கள். ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி சட்டையில்.

3 பிப்ரவரி

"இங்கே கிடைப்பது அசல் பர்மிய அத்தோ இல்லை" என்று எழுதியவருக்கு.

அங்கே மொய்ங்காவில் மீன் கரைந்த குழம்பு ஊற்றுவார்கள். இங்கே பல வண்டிகளில் வாழைத்தண்டு சூப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆமாம், மாறியிருக்கிறது. அறுபது வருஷமாக இந்த ஊரில், இந்த ஊர்ப் புளியில், இந்த ஊர் வாடிக்கையாளருக்காகக் கலந்த சாப்பாடு மாறாமல் எப்படி இருக்கும்? வீடும் கடையும் விட்டு வந்து இறங்கிய சனம் தள்ளுவண்டியில் தொடங்கி மூன்றாம் தலைமுறையாக நடத்துகிறது. அசலா நகலா என்று சோதிக்கும் வேலை எனக்கு வேண்டாம். வியாசர்பாடி அத்தோ வியாசர்பாடிக்கு அசல்.

16 பிப்ரவரி

மதிய மெஸ் விஷயம். இரண்டு நல்ல மெஸ் தெரியும், இரண்டுமே வீடுகள். முகவரியைப் பொதுவில் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், கூட்டம் வந்தால் சமாளிக்க ஆளில்லை. தேடுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பன்னிரண்டரைக்கு லோடு ஆட்டோக்கள் சேர்ந்து நிற்கும் தெருவில் நுழைந்து, ஓட்டுநர்கள் கை கழுவும் இடத்தைப் பாருங்கள்.

4 மார்ச்

நோன்பு தொடங்கிவிட்டது. பள்ளிவாசல் இருக்கிற எந்தத் தெருவுக்கும் மாலை நாலரை, ஐந்துக்குத் தூக்கோடு போனால் நோன்புக் கஞ்சி கிடைக்கும். மதம் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குச் சின்ன வயசிலிருந்து வருஷா வருஷம் தூக்கில் வந்துகொண்டிருக்கிறது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா, தேங்காய்ப்பால், கொஞ்சம் கொத்துக்கறி. குழந்தைக்கு இதைவிட நல்ல சாப்பாடு என்ன இருக்கிறது? சைவம் சாப்பிடுகிறவர்கள் கறி போட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் போடாமலும் காய்ச்சுகிறார்கள்.

இந்த மாதம் மண்ணடியில் ராத்திரி முழுக்க அடுப்பு எரியும். சஹர் நேரத்துக்கு, அதாவது நோன்பு தொடங்குமுன் விடியற்காலையில் சாப்பிடும் நேரத்துக்கு, இடியாப்பமும் பாயாவும். தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்பவர்கள் போகலாம்.

5 மார்ச்

தம்பி கஞ்சி வாங்கப் போய், ரொம்பத் தயங்கி நின்றபோது ஒரு பெரியவர் கூப்பிட்டு ஊற்றினாராம். எழுதியிருக்கிறார். படித்து மனசு நிறைந்தது.

13 ஏப்ரல்

நாளை மறுநாள், 15-ஆம் தேதி, மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று கிழக்குக் கடற்கரை முழுக்க இந்தத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், சாயங்கால மீன் வறுவல் வண்டிகளுக்கு இந்த ரெண்டு மாதம்தான் சோதனை. ஃபைபர் படகுகள் கரையோரம் போகும், அதனால் சின்ன மீன் வரும். காரப்பொடி, நெத்திலி, கவளை. வஞ்சிரம், வவ்வால் என்று பெரிய மீன் தட்டில் இருந்தால் அது பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்தது. அங்கே தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்கும். ஐஸ் மீன் கெட்ட மீன் இல்லை, ஆனால் காசிமேட்டு மீன் என்று சொல்லி அதற்கு விலை வைத்தால் கேளுங்கள். என் கருத்து, இந்த ரெண்டு மாதம் காரப்பொடி வறுவல்தான் சாப்பிட வேண்டும். முள் பார்த்துச் சாப்பிடப் பொறுமை வேண்டும். தலையோடு மொறுமொறுவென்று பொரித்திருந்தால் அந்தப் பொறுமையும் தேவையில்லை.

14 ஏப்ரல்

"எண்ணூர்ப் பக்கத்து மீனைச் சாப்பிடலாமா?" என்று கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வலை கறுத்தது, படகு கறுத்தது. கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்கள் வாரக்கணக்கில் தொழிலுக்குப் போகவில்லை. அதோடு முடியவில்லை. ஆழ்கடலில் பிடித்துக் காசிமேட்டில் இறக்கிய மீனையும் ஜனங்கள் வாங்கவில்லை. எங்கள் தெருவில் மீன் வறுக்கும் அக்கா அந்த மாதம் பஜ்ஜி போட்டார். கரையில் நடந்ததற்குத் தண்டனை முழுக்க, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெண்கள் மேல் விழுந்தது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

இப்போதைக்கு என் பதில்: எங்கே பிடித்த மீன் என்று விற்கிறவரிடமே கேளுங்கள். விற்பவர்கள் மறைப்பதில்லை.

4 மே

பீஃப், குடல், சுவரொட்டி (மண்ணீரல்), ரத்தப் பொரியல் பற்றி எழுதவே கூடாது என்று ஒருவர் சொல்கிறார். எழுதுவேன்.

புளியந்தோப்பில் ஆட்டுத்தொட்டி, அதாவது ஆடு அறுக்கும் கூடம், இருக்கிறது. கறி நகரம் முழுக்கப் போகிறது. தலை, கால், குடல், ஈரல், சுவரொட்டி எல்லாம் சுற்றியுள்ள தெருக்களில் தங்கின. வாங்கக் காசில்லாதவர்கள் வாங்கியது அவை. அவற்றைச் சாப்பிடும்படி ஆக்க எவ்வளவு வேலை தெரியுமா? குடலைத் திருப்பிப் போட்டு, சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, மறுபடி அலசி, வாசம் போகும்வரை விடமாட்டார்கள். அப்புறம் மிளகும் சோம்பும் அரைத்து, சின்ன வெங்காயம் போட்டு, அடி பிடிக்கிற மாதிரிச் சுண்டவிடுவது. ஒரு தட்டு குடல் வறுவலுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் அரை நாள் இருக்கிறது. அதைத் தொடாதவர்கள் அசுத்தம் என்று சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பீஃப் பிரியாணி, பீஃப் பக்கோடா, மிளகு போட்ட சுக்கா எல்லாம் புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர் எங்கும் கிடைக்கிறது. வெளிப்படையாகப் பலகை வைத்துத்தான் விற்கிறார்கள். சாப்பிடாதவர்கள் சாப்பிட வேண்டாம். சாப்பிடுகிறவர்கள் ஏழு மணிக்குள் போங்கள், நல்ல துண்டுகள் அப்போதுதான் இருக்கும்.

பிரியாணி பற்றியும் ஒரு வரி. தம்பி, நீங்கள் முதல் கேள்வியில் "தெருவுக்கு ரெண்டு" என்று தள்ளிவிட்டீர்கள். அதில் விறகடுப்பில் தம் போடும் கடை எது என்று பாருங்கள். பகல் பதினொன்றரைக்கு அண்டா மூடியில் கங்கு கொட்டியிருக்கும். மூடி திறந்தபின் அரை மணி நேரத்துக்குள் வாங்கினால் ஒரு ருசி, ராத்திரி ஒன்பதுக்கு அடி அண்டாவிலிருந்து வாங்கினால் வேறு ருசி. கறி வேண்டாதவர்கள் குஸ்கா கேட்கலாம், அதே சோறு. கத்தரிக்காய்ப் பச்சடியைக் குறைத்து வாங்காதீர்கள், பிரியாணியின் எண்ணெயை அந்தப் புளிப்புதான் சமன்படுத்துகிறது.

11 மே

தெருக்கடைச் சாப்பாடு சுத்தமாக இருக்குமா என்று கேள்வி. நியாயமான கேள்வி, குழந்தை இருக்கிற வீடு கேட்கத்தான் வேண்டும்.

நான் பார்ப்பது: கொதிப்பது, ஆவி பறப்பது, கண்முன்னே எண்ணெயிலிருந்து எடுப்பது என்றால் பயமில்லை. அரைத்து மணிக்கணக்கில் வெயிலில் இருக்கும் தேங்காய்ச் சட்னி வேண்டாம். எண்ணெய் கறுத்து நுரைத்தால் நகர்ந்துவிடுங்கள். குடிக்கும் தண்ணீர் கேன் தண்ணீரா என்று கேளுங்கள். தட்டின்மேல் வாழையிலை போடுகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் கொதிக்கிற சேர்வாவை மெல்லிய கவரில் கட்டித் தருவது நிற்கவில்லை. அச்சடித்த செய்தித்தாளில் பஜ்ஜி வைப்பதும் அப்படித்தான். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, நாம் பாத்திரம் கொண்டு போனால் தானாக நிற்கும். எங்கள் சூப் வண்டிக்காரர் தூக்கோடு வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறார், அவருக்குக் கவர் செலவு மிச்சம்.

12 மே

விலை. "தெருக்கடைதானே, ஏன் விலையேற்றுகிறார்கள்?" என்று நேற்றைய குறிப்புக்கு அடியில் ஒருவர். வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ, கடைக்காரர் வாங்க வேண்டியது 19 கிலோ வணிக சிலிண்டர். அதன் விலை மாதா மாதம் மாறும், மானியம் கிடையாது. உளுந்து, எண்ணெய், வெங்காயம் எதுவும் அவர்களுக்குத் தனி விலையில் வருவதில்லை. 2013-ல் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று வைத்தது அரசு. அது அரசு செலவில் பசியாற்றும் இடம், அவசியமான இடம். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்கு யார் அந்தச் செலவைத் தருவது? ஒரு இட்லிக்கு ரெண்டு ரூபாய் ஏற்றுவதற்கு அவர் மாதக்கணக்கில் யோசிக்கிறார், வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுகிறார். பேரம் பேசாமல் கொடுங்கள்.

15 ஜூன், ஞாயிறு

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய்விட்டன. உடனே காசிமேட்டுக்கு ஓடாதீர்கள். சில நாள் தங்கிப் பிடித்துத் திரும்பும் படகுகள் வந்தால்தான் பெரிய மீன் இறங்கும். ஞாயிறு காலையில் நகரமே அங்கே இருக்கும். வார நாளில் விடியற்காலை போங்கள். வாங்கிய மீனைச் சுத்தம் செய்து நறுக்கித் தர அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குத் தனிக்கூலி.

இந்த வாரம் எங்கள் தெரு அக்கா வண்டியில் சங்கரா வந்துவிட்டது. தோசைக்கல்லில் மசாலா தோய்த்த மீனைப் போட்டு, மேலே கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, தோசைத் திருப்பியால் ஒரு முறைதான் திருப்புவார். அடிக்கடி திருப்பினால் தோல் கல்லோடு போய்விடும். கல்லில் உதிர்ந்த மசாலாத் துகளைச் சுரண்டி மீன்மேல் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். பழகினவர்களுக்குக் கேட்காமலே போடுவார்.

29 ஜூன்

அகஸ்தியா தியேட்டர் காலத்து ராத்திரிக் கடைகள் எங்கே போயின என்று ஒரு பழைய தண்டையார்பேட்டைக்காரர் கேட்கிறார். செகண்ட் ஷோ விட்டதும் டி.எச். ரோட்டில் பரோட்டாக் கல் தட்டுகிற சத்தம் ஆரம்பமாகும். மெட்ரோ வேலைக்காக ரோட்டில் தடுப்பு போட்டபோதே சில வண்டிகள் உள்தெருவுக்கு நகர்ந்தன. 2020-ல் தியேட்டரும் மூடியது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் ஓட ஆரம்பித்தபின் சில பேர் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தார்கள். உள்ளே போனவர்களில் பலர் அங்கேயே நிலைத்துவிட்டார்கள். அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் கண்ணில் கடைகள் படுவதில்லை. மெயின் ரோட்டிலிருந்து ரெண்டு திருப்பம் உள்ளே போக வேண்டும்.

20 ஜூலை, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. இன்று எந்த அம்மன் கோயில் வாசலுக்குப் போனாலும் கூழ்.

முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய் வேகும்போது கட்டி தட்டாமல் ஊற்றிக் கிண்டி, ஆறவிட்டு, காலையில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைப்பது. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. வீடுகளில் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். சொம்பு கொண்டு போங்கள், வரிசையில் நில்லுங்கள், "எனக்குக் கொஞ்சம் போதும்" என்று சொல்ல வேண்டாம், வார்க்கிறவர்களுக்கு நிறைய ஊற்றுவதில்தான் சந்தோஷம்.

ஆடி முடிந்தாலும் கூழ் முடியாது. வண்டிக் கூழ் வெயில் காலம் முழுக்க உண்டு. மோர் மிளகாய், மாங்காய், வத்தல் எல்லாம் குட்டிக் கிண்ணங்களில் வரிசையாக இருக்கும். மதியம் வேலை செய்கிற உடம்பு சோற்றைவிட இதைத்தான் கேட்கிறது.

17 ஆகஸ்ட்

வீட்டில் படுக்கையில் இருக்கும் மாமனாருக்குக் காரமில்லாத சாப்பாடு வெளியே கிடைக்குமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கிடைக்கும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கடைகளில் இதைத் தினமும் கேட்கிறார்கள், அதனால் பழக்கம் உண்டு. காலையில் இடியாப்பம், தேங்காய்ப்பால். பதினொன்றுக்குள் போனால் அரிசிக் கஞ்சி, மதியம் குழைந்த ரசம் சாதம். "பேஷண்டுக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் மிளகாய் தாளிக்காமல் தனியாக எடுத்து வைப்பார்கள். தண்டையார்பேட்டையிலேயே வேண்டுமென்றால் எங்கள் படிக்கட்டு ஆயாவிடம் முதல் நாள் சாயங்காலமே சொல்லிவையுங்கள், காலை ஆறரைக்கு முதல் ஈடு இட்லி உங்களுக்கு. சட்னி வேண்டாம், தொட்டுக்கொள்ளச் சர்க்கரையும் ஒரு ஸ்பூன் நெய்யும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மூடியுள்ள பாத்திரம் கொண்டு போங்கள், வீடு வரும்வரை ஆவியிலேயே இருந்தால்தான் அவருக்கு விழுங்க முடியும்.